விலை இறங்கினால் மலிவாகிவிடுமா?

சென்ற மாதம் மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவர் என்னை நிறுத்தினார். "அண்ணாச்சி, முந்நூறு ரூவாய்க்கு இருந்த ஷேர், ரிசல்ட் வந்த பொறவு இருநூத்தி நாப்பதுக்கு வந்துட்டு. இப்ப வாங்கிப் போடலாமா?" என்று கேட்டார். கையில் இருப்பது தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த இரண்டு லட்சம். கல்யாணம் தை மாதத்தில். பாலத்தில் நின்று விளக்க முடியாததால் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி நம் அன்பர்கள் பலர் வீட்டிலும் இருக்கும்.

பங்குச் சந்தையில் பதிவான கம்பெனிகள் காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள் கணக்கை வெளியிட வேண்டும்; ஆண்டு முடிவுக் கணக்கானால் 60 நாட்களுக்குள். இது செபியின் விதி. அந்த நாட்களில்தான் தலால் தெருவில் விலைகள் அதிகம் துள்ளும்.

மாஹிம் அல்வா டப்பா 300 ரூபாயிலிருந்து 240 ரூபாய்க்கு இறங்கினால் மலிவா? உள்ளே அதே எடை அல்வா இருந்தால் மலிவு. பாதியாகக் குறைந்திருந்தால்? பங்கும் அப்படித்தான். அதன் எடை, கம்பெனி சம்பாதிக்கும் லாபம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்குக்கு ஆண்டு லாபம் 20 ரூபாய், விலை 300 ரூபாய் என்றால், லாபத்தைப் போல் 15 மடங்கு கொடுக்கிறோம். ரிசல்டுக்குப் பின் விலை 240 ரூபாய். இயந்திரப் பழுதால் ஒரு மாதம் ஆலை மூடியதுதான் காரணம், அடுத்த ஆண்டு பழைய 20 ரூபாய் வரும் என்றால், இப்போது 12 மடங்குதான்; மலிவு. பெரிய வாடிக்கையாளர் நிரந்தரமாகப் போய்விட்டார், இனி 10 ரூபாய்தான் வரும் என்றால், 240 ரூபாய் என்பது 24 மடங்கு. விலை இறங்கியும் பங்கு முன்னைவிட அதிக விலையாகிவிட்டது!

இரண்டுக்கும் நம் நாட்டிலேயே பாடம் உண்டு. 2013 ஏப்ரல் 12-ஆம் தேதி, வரும் ஆண்டின் வளர்ச்சி குறைவாக இருக்கும் என்று இன்ஃபோசிஸ் அறிவித்ததும், அதன் பங்கு ஒரே நாளில் சுமார் 21 சதவீதம் விழுந்தது. தொழில் உடையவில்லை, கம்பெனி தொடர்ந்து சம்பாதித்தது. அந்த ஆண்டு முடியுமுன்னரே பழைய விலையைத் தாண்டியது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் பங்கும் விழுந்தது, நான்கில் மூன்று பங்குக்கும் மேல். அங்கே கணக்கில் காட்டிய ரொக்கத்தில் ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை. விழுந்த விலையை முந்தைய லாபத்தோடு ஒப்பிட்டவருக்கு அது மலிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த லாபமே பொய்க் கணக்கு.

ஆகவே, ரிசல்டைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. லாபம் தொழிலில் வந்ததா, நிலத்தை விற்று வந்ததா? நிலம் விற்ற பணம் ஒருமுறைதான் வரும்.

2. லாபம் ரொக்கமாகக் கைக்கு வந்ததா, வெறும் பாக்கியாக நிற்கிறதா?

3. கடன் கூடுகிறதா, குறைகிறதா?

இதன் பிறகும் நம் கணிப்பு தவறலாம். அதனால்தான் பெஞ்சமின் கிரஹாம் 1949-இல் வெளிவந்த 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலில் பாதுகாப்பு இடைவெளி வேண்டும் என்றார். நூறு ரூபாய் பெறும் என்று தோன்றுவதை எழுபதுக்கோ அறுபதுக்கோ கிடைத்தால்தான் வாங்க வேண்டும். மிச்சம், நம் தவறுக்கு ஒதுக்கிய பணம்.

நானும் 1992-இல் இந்தப் பாடம் படித்தேன். ஒரு பங்கு பாதி விலைக்கு வந்ததும், கணக்கைப் பாராமலே, ஊரில் மனை வாங்க வைத்திருந்த பணத்தைப் போட்டேன். அது மறுபடியும் பாதியாயிற்று. தவறு என்னுடையதுதான். அந்த மனையை இன்றுவரை வாங்கவில்லை.

தம்பிக்கு என் பதில் இதுதான். நல்ல பங்கேயானாலும், விலை திரும்ப ஆறு மாதமும் ஆகலாம், ஆறு வருடமும் ஆகலாம். கல்யாணத் தேதி காத்திராது. தங்கையின் பணம் வங்கி டெபாசிட்டில் இருக்கட்டும். உங்கள் சம்பளத்தில் மிஞ்சுவதைக் கொண்டு, கணக்கைப் படித்த பிறகு, பங்கு வாங்குங்கள். படிக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், சேர்ந்தே படிப்போம்.