பழைய கேம் மெஷினும் நம்ம கம்ப்யூட்டரும்: ஒரு வகுத்தல் கணக்கு



டி.வி.யில் மாட்டி விளையாடும் வீடியோ கேம் பெட்டிக்குக் கன்சோல் என்று பெயர். அந்தப் பெட்டியின் வேலையை ஒரு சாஃப்ட்வேரைக் கொண்டு நம் கம்ப்யூட்டரையே செய்ய வைப்பது எமுலேஷன். அந்தச் சாஃப்ட்வேர்தான் எமுலேட்டர். இதற்கு எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் தேவை என்பதே இக்கட்டுரையின் பொருள். விளையாட்டு விஷயம்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது தெரியாமல் நான் காசை விட்டவன்.

சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 2 ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதன் லென்ஸ் போய்விட்டது; டிஸ்க்குகள் மட்டும் நன்றாக இருந்தன. படிப்புக்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவற்றை ஓட்டிப் பார்த்தேன். படம் ஆமை மாதிரி நகர்ந்தது, சவுண்டு விட்டு விட்டுக் கேட்டது. "கேம்னா கிராபிக்ஸ் கார்டு போடணும் தம்பி" என்றார் கடைக்காரர். வீட்டில் இதையெல்லாம் கேட்க ஆள் கிடையாது. படிக்க வந்ததே நான்தான் முதல். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தந்த பணத்தில் 4,000 ரூபாய்க்குப் பழைய கார்டு வாங்கிப் போட்டேன். இம்மியளவும் வேகம் கூடவில்லை. ஏன் கூடவில்லை? அதுதான் பாடம்.

1. எமுலேட்டர் என்ன செய்கிறது?

நம் லேபில் 8051 கிட்டில் புரோகிராம் போட்டிருக்கிறோம். ஒரு கட்டளையை எடுப்பது, அது என்னவென்று அறிவது, செய்து முடிப்பது என மூன்று படிகள் என்று படித்தோம். சிப்புக்குள் இது மின்சுற்றாகவே நடக்கிறது. எமுலேட்டரோ இதே மூன்று படிகளையும் புரோகிராமாகச் செய்கிறது. ஆகவே கன்சோலின் ஒரு கட்டளைக்கு நம் பிராசஸர் பல கட்டளைகளைச் செய்ய வேண்டியிருக்கும். படம் வரையும் சிப், சவுண்டு சிப் இவற்றின் வேலையும் கூடவே உண்டு.

இதற்கு நேரக் கெடுவும் இருக்கிறது. ஜப்பான், அமெரிக்க முறையில் வினாடிக்கு 60 படம். பால் முறையில் 50. வினாடிக்கு 60 என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி வினாடி. அதற்குள் வேலை முடியாவிட்டால் படம் திணறும், சவுண்டு உடையும்.

2. வகுத்தல் கணக்கு

நம் பிராசஸர் 3 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கன்சோலின் வேகத்தால் வகுத்தால், கன்சோலின் ஒரு துடிப்புக்கு நம்மிடம் எத்தனை துடிப்பு கையிருப்பு என்று தெரியும்.

ஃபேமிகாம் (1983), 1.79 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 1,676
சூப்பர் ஃபேமிகாம் (1990), 3.58 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 838
பிளேஸ்டேஷன் (1994), 33.87 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 89
நின்டென்டோ 64 (1996), 93.75 மெகாஹெர்ட்ஸ்: 32
பிளேஸ்டேஷன் 2 (2000), 294.9 மெகாஹெர்ட்ஸ்: சுமார் 10
பிளேஸ்டேஷன் 3 (2006), 3,200 மெகாஹெர்ட்ஸ்: ஒன்றுக்கும் குறைவு

நம் ஊரில் கேட்ரிட்ஜ் செருகி மரியோ, கான்ட்ரா ஆடிய டி.வி. கேம் பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்களே. அதற்குக் கையிருப்பு தாராளம். எந்தப் பழைய கம்ப்யூட்டரும் போதும். கீழே போகப் போக நிலைமை இறுகுவதைக் கவனியுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு முழு உண்மை அல்ல. சூப்பர் ஃபேமிகாம் கேம்களை 1990-களின் பென்டியம் கம்ப்யூட்டர்களிலேயே ஓட்டினார்கள். அப்படியிருக்க, பி.எஸ்.என்.இ.எஸ். என்ற எமுலேட்டரை உருவாக்கியவர், அதே பெட்டியைத் துளியும் பிசகாமல் நடிக்க வைக்க 3 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் தேவை என்று 2011-இல் எழுதினார். முன்னவை குத்துமதிப்பாக ஓட்டின. இது ஒவ்வொரு சிப்பையும் துடிப்புக்குத் துடிப்பு ஒத்துப் பார்த்து ஓட்டியது. துல்லியம் கூடக் கூட வேலையும் கூடும்.

3. கோர் அதிகம் இருந்தால் போதாதா?

போதாது. கச்சேரியில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார்கள். இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு தாளத்துக்கும் ஆள் அனுப்பிச் சேதி சொன்னால் கச்சேரி நடக்குமா? கன்சோலின் சிப்புகளும் அப்படித்தான். நொடிக்கு லட்சக்கணக்கான முறை ஒன்றையொன்று பார்த்துக்கொள்பவை. வேலையைப் பல கோருக்குப் பிரித்தால் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும். ஆகவே பெரும்பாலான எமுலேட்டருக்கு முக்கியம் ஒற்றைக் கோரின் வேகம்.

பிளேஸ்டேஷன் 2-க்கான பி.சி.எஸ்.எக்ஸ்.2 எமுலேட்டர் வேலையை முக்கியமாக மூன்றாகப் பிரிக்கும். அதற்கு நாலு கோர் தாராளம். பிளேஸ்டேஷன் 3 விதிவிலக்கு. அதன் செல் பிராசஸரில் பிரதான கோர் தவிர, கேமுக்கென்று ஆறு துணைக் கோர்கள் தனித்தனியே வேலை செய்தன. அதனால் அங்கே மட்டும் கோர் எண்ணிக்கை நிஜமாகவே உதவும்.

4. கையிருப்பு பத்துதான் என்றால் எப்படி ஓடுகிறது?

மேடையில் வெளிமாநிலத் தலைவர் பேசப் பேச, பக்கத்தில் ஒருவர் வரிக்கு வரி தமிழில் சொல்வார். இது மெதுவான வழி. அதே பேச்சை ஒருமுறை மொழிபெயர்த்து நோட்டீஸ் அடித்துவிட்டால் எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். புதிய கன்சோல்களுக்கு எமுலேட்டர்கள் இரண்டாவது வழியில் போகின்றன. கேமின் ஒரு பகுதியை நம் பிராசஸரின் மொழிக்கு ஒருமுறை மாற்றி, மெமரியில் வைத்து, திரும்பத் திரும்ப அதையே ஓட்டுகின்றன. கேம்களில் ஒரே பகுதி ஆயிரக்கணக்கான முறை சுற்றுவதால் இது பெரிய லாபம்.

இதில் பிராசஸர் எத்தனை கட்டளைகளை அறியும் என்பதும் முக்கியம். ஏ.வி.எக்ஸ்.2 என்ற கட்டளைத் தொகுதி 2013-இல் இன்டெல் 4-ஆம் தலைமுறையில் வந்தது. ஆனால் அதே தலைமுறையின் பென்டியம், செலரான் பிராசஸர்களில் அது கிடையாது. "4-ஆம் தலைமுறை" என்று சொன்னதுமே வாங்கிவிடக் கூடாது. மாடல் நம்பரைப் பார்க்க வேண்டும்.

5. கிராபிக்ஸ் கார்டு எப்போது வேண்டும்?

1999 ஜனவரியில் அல்ட்ரா ஹெச்.எல்.இ. என்ற எமுலேட்டர் வந்தது. நின்டென்டோ 64 கடைகளில் விற்றுக்கொண்டிருந்தபோதே அதன் கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டியது. படச் சிப்பை அணு அணுவாக நடிக்காமல், கேம் என்ன வரையச் சொல்கிறது என்று புரிந்துகொண்டு அதை அப்படியே 3டி.எஃப்.எக்ஸ். கார்டிடம் கொடுத்துவிட்டது. அதனால் அந்தக் கார்டு இல்லாமல் அது ஓடாது. ஆக, முப்பரிமாணக் கேம்களில் கார்டுக்கு வேலை உண்டு. பழைய படத்தைப் பெரிதாக, கூர்மையாக வரைய வேண்டுமென்றாலும் உண்டு. இரு பரிமாணக் கேம்களுக்கு மதர்போர்டோடு வரும் கிராபிக்ஸே போதும். பிராசஸர் திணறும்போது கார்டு போடுவது, மாவு அரையாமல் இருக்க இட்லித் தட்டு வாங்குவது போல.

6. ராம், டிஸ்க், சூடு

பிளேஸ்டேஷன் 2-இன் மொத்த மெயின் மெமரி 32 எம்.பி.தான். நமக்கு 8 ஜி.பி. ராம் போதும். தனி கார்டு இல்லாவிட்டால் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பயன்படுத்தும். அதனால் ஒரே 8 ஜி.பி.யை விட இரண்டு 4 ஜி.பி. போடுவது நல்லது. முதல் பிளேஸ்டேஷன் வினாடிக்கு 300 கே.பி. வேகத்தில் சி.டி. படித்தது. அதற்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் தாராளம். ஃபேனில் தூசி அடைத்தால் பிராசஸர் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்ற நூறு இருநூறு ரூபாய்தான் ஆகும். முதலில் இதைச் செய்யுங்கள்.

7. என் கம்ப்யூட்டருக்கு என்ன ஆயிற்று?

லேப் சார் வந்து பார்த்தார். பி.சி.எஸ்.எக்ஸ்.2 தன் வேலைப் பளுவைத் திரையிலேயே காட்டும். இ.இ. என்பது கன்சோலின் பிராசஸர் வேலை, ஜி.எஸ். என்பது படம் வரையும் வேலை. என் திரையில் இ.இ. 99 சதவீதம், ஜி.எஸ். 20 சதவீதம், மொத்த வேகம் 68 சதவீதம். "எது நிரம்பி வழியுதுன்னு பாருப்பா" என்றார். அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. என்னிடம் இருந்தது 2.7 கிகாஹெர்ட்ஸ் செலரான், இரண்டே கோர்.

கடைக்காரர் கார்டைத் திரும்ப எடுக்கவில்லை. சீனியர் அண்ணன் ஒருவர் 2,500 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். மதர்போர்டின் சாக்கெட் 1150. அந்தப் போர்டு ஏற்கும் பிராசஸர் பட்டியலைப் பார்த்து, 2,200 ரூபாய்க்குப் பழைய ஐ5-4590 ஒன்றை வாங்கி மாட்டினேன். டர்போவில் 3.7 கிகாஹெர்ட்ஸ், நாலு கோர், ஏ.வி.எக்ஸ்.2 உண்டு. கார்டு இல்லாமலேயே 100 சதவீத வேகம் வந்தது. கார்டில் போன 1,500 ரூபாய் போனதுதான். அம்மாவிடம் சொன்னேன். "படிச்சதுக்கு ஃபீஸுன்னு வச்சுக்கோ" என்றார்கள்.

8. சட்டம்

எமுலேட்டர் எழுதுவது வேறு, கேமைத் திருடுவது வேறு. சோனி, கனெக்டிக்ஸ் கம்பெனி மீது தொடர்ந்த வழக்கில், எமுலேட்டர் தயாரிப்பதற்காகக் கன்சோலின் பயாஸை ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் கூறியது. ஆனால் கேமுக்கும் பயாஸுக்கும் காப்புரிமை உண்டு. சொந்த டிஸ்க், சொந்தப் பெட்டியின் பயாஸ் என்று இருப்பதே முறை.

நண்பர்களே, இது கேமுக்கு மட்டுமான பாடம் அல்ல. எந்த மெஷின் மெதுவாக ஓடினாலும், எந்த இடத்தில் அடைக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். கடைக்குப் போவதும் காசை எடுப்பதும் அதற்குப் பிறகு.

– மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை