கரு ஒட்டும் காலமும் ஒரு சோதனையும்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

"நீதான் விலங்கியல் படிக்கிறியே கண்ணு, இந்தச் சோதனையைப் பண்ணிக்கலாமா, வேண்டாமா?" என்று பொங்கல் விடுமுறையில் என் சித்தி ஒரு தாளை நீட்டினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரியை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே மின்கட்டண ரசீதிலிருந்து மருந்துச் சீட்டு வரை எல்லாத் தாளும் என்னிடம்தான் வரும். மூன்று முறை கருமுளை வைத்தும் சித்திக்குக் கரு தங்கவில்லை. நான்காம் முறைக்கு முன் கருப்பையின் ஏற்புத்திறனைச் சோதிக்கும்படி அத்தாளில் கண்டிருந்தது. அன்று பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். பின்னர் தேடிப் படித்ததே இக்கட்டுரை.

சோதனைக் குழாய்க் குழந்தை என்றதும் குழந்தை குழாயிலேயே வளர்வதாகப் பலர் எண்ணுகின்றனர். 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்த நாள் முதல் இன்று வரை, உடலுக்கு வெளியே நிகழ்வது கருவுறுதலும் முதல் சில நாள் வளர்ச்சியுமே. கருமுளையைக் கருப்பையில் வைப்பது வரைதான் மருத்துவர் கை. ஒட்டிக்கொள்வது கருமுளைக்கும் கருப்பைக்கும் இடையேயான காரியம்.

கருப்பையின் உட்படலத்திற்கு எண்டோமெட்ரியம் என்று பெயர். மாதவிலக்கிற்குப் பின் ஈஸ்ட்ரோஜன் அதைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டிரோன் அதைப் பக்குவப்படுத்துகிறது. 28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 20 முதல் 24ஆம் நாள் வரையே அது கருவை ஏற்கும். எந்நாளும் நாற்று நட முடியாது; சேறு பதமாக இருக்கும் நாளில்தான் நட முடியும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு வாரங்களைக் கடந்த கருக்களில் 84 விழுக்காடு, முட்டை வெளிப்பட்ட 8, 9, 10ஆம் நாட்களில் ஒட்டியவை. ஆக, காலம் உண்டு என்பதில் ஐயமில்லை. அந்தக் காலத்தை ஒவ்வொரு பெண்ணுக்கும் அளந்து சொல்ல முடியுமா என்பதே கேள்வி.

முதல் முயற்சி பழையது. 1950இல் நாய்ஸ், ஹெர்டிக், ராக் ஆகிய மூவரும், படலத்தின் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தே அது சுழற்சியின் எந்த நாளுக்குரியது என்று கணிக்கும் முறையை வகுத்தனர். அரை நூற்றாண்டுக் காலம் அது கோலோச்சியது. 2004இல் வெளியான ஆய்வொன்று குழந்தை பெற்ற பெண்களையும் பெறாதவர்களையும் ஒருசேரச் சோதித்தது. குழந்தை பெற்றவர்களிலேயே ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் படலம் 'நாள் தப்பி' இருந்தது! அப்படியானால் அந்த அளவுகோலால் என்ன பயன்?

அடுத்து வந்ததுதான் சித்தியின் தாளில் இருந்த சோதனை. 2011இல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள் 238 ஜீன்களின் செயற்பாட்டைக் கொண்டு படலத்தின் பக்குவத்தை அறியும் ஈ.ஆர்.ஏ. முறையை அறிவித்தனர். கருமுளை வைக்காமல் ஒரு மாதம் ஒத்திகை நடக்கும். வழக்கமான ஹார்மோன் மருந்துகளைக் கொடுத்து, புரோஜெஸ்டிரோன் தொடங்கி ஐந்து நாளானதும் மெல்லிய குழாயால் படலத்தில் ஒரு துணுக்கு எடுப்பர். வலி உண்டு. துணுக்கின் ஆர்.என்.ஏ.யை ஆராய்ந்து, படலம் பக்குவமானதா, பக்குவத்திற்கு முந்தியதா, பிந்தியதா என்று சொல்வர். அதற்கேற்ப அடுத்த மாதம் கருமுளை வைக்கும் நேரம் சில மணியோ ஒரு நாளோ மாற்றப்படும். பலமுறை தோற்றவர்களில் நான்கில் ஒருவருக்குக் காலம் விலகியிருப்பதாக 2013இல் ஓர் ஆய்வு கூறியது. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது!

இங்கேதான் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு 40 பேருக்குக் கரு தங்கும் என்று கொள்வோம். முதல் முறை 60 பேருக்குத் தோல்வி. இரண்டாம் முறை 36. மூன்றாம் முறை 22. எவருடைய கருப்பையிலும் குறையில்லை. ஆயினும் 22 பேர் மும்முறை தோற்றாயிற்று. நான்காம் முறை இவர்களில் 9 பேருக்குக் கரு தங்கிவிடும். இடையில் செய்தது சோதனையோ, மாத்திரையோ, குலதெய்வத்திற்கு நேர்ந்த பொங்கலோ, பெருமை முழுவதும் அதற்கே போய்ச் சேரும். உண்மையில் வயதும் கருமுளையின் தரமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பது வேறு. ஒப்பிட ஒரு குழு இல்லாத வெற்றிக் கதையை நம்பலாகாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அத்தகைய ஒப்பீட்டின் முடிவு 2022இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. 767 பெண்கள், அனைவருக்கும் துணுக்கு எடுக்கப்பட்டது. குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குச் சோதனை சொன்ன நேரத்திலும், மறுபாதிக்கு வழக்கமான நேரத்திலும் கருமுளை வைத்தனர். குழந்தை பிறந்தது முதற்குழுவில் 58.5 விழுக்காட்டினருக்கு, வழக்கமான நேரக் குழுவில் 61.9. சோதனையால் ஆதாயம் தெரியவில்லை. இவர்களில் பெரும்பாலோர் சித்தியைப் போலப் பலமுறை தோற்றவர்கள் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் பலமுறை தோற்றவர்களுக்கு நிச்சயம் உதவும் என்று காட்டும் அதே தரமான சான்றும் என் கண்ணில் படவில்லை.

கருப்பையினுள் சதை வளர்ச்சியோ தடுப்புச் சுவரோ உண்டா, நாள்பட்ட அழற்சி உண்டா, கணவன் மனைவி இருவரின் குரோமோசோம்களும் சரியா என்று பார்ப்பது தனி. கரு தங்காமைக்குக் கருமுளையின் குரோமோசோம் கோளாறு பெருங்காரணம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பழி மட்டும் எப்போதும் பெண்ணின் வயிற்றின் மேல்தான்.

இவ்வளவையும் போன மாதம் சித்தியிடம் திண்ணையில் உட்கார்ந்து, கணக்கைச் சிலேட்டில் போட்டே காட்டினேன். சோதனைக்கென்று எடுத்து வைத்திருந்த பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. 22 என்ற எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எங்கிட்ட குத்தமில்லாமலே மூணு தடவையும் தவறியிருக்கலாமா?" என்றார்.

இருக்கலாம் சித்தி, என்றேன்.