கூறையும் வினையும்

தஞ்சைச் சோழவளநாட்டில் மணமகள் உடுக்குங் கூறைப்புடவை, மயிலாடுதுறையைச் சார்ந்த கூறைநாட்டுத் தறிகளாற் பெயர்பெற்றது. பட்டும் பருத்தியும் விரவி நெய்தல் அதன் பழைய இயல்பு. புத்தாடையின் மூலையில் மஞ்சள் தடவியே உடுத்தல் மரபு. இதனை மங்கலக்குறியென்று கொள்வதில் யாம் குறைகாண்கிலேம். மஞ்சளிடாவிடிற் கேடு சூழும், கருநூல் கலப்பின் மாங்கலியத்திற்கு ஊறாம் என்று நம்மவர் அஞ்சுவதே ஆராயத்தக்கது. வினை சடமாகலின் தன்பயனைத் தானே ஊட்டமாட்டாது. இறைவனே கூட்டுவிப்பன் என்பது சித்தாந்தம். செய்த வினைக்கே இல்லாத ஆற்றல் நெய்த நூலுக்கு யாங்ஙனம் வந்தது? திருமறைக்காட்டில், கோள்கள் தீயவென்று அப்பரடிகள் தடுத்தபொழுது ஆளுடையபிள்ளையார் கோளறுபதிகம் அருளியதையும் ஈண்டு நினைக. ஆதலின், கூறைக்குப் பொருளின்றி மணநாளைத் தள்ளிவைக்கும் ஏழைப்பெற்றோர், பருத்தியாடையொன்றை மஞ்சள்நீரில் தோய்த்துடுத்தித் திருநீறிட்டு மணஞ்செய்விப்பின், அம்மணத்திற்கு யாதொரு குறையுமில்லை.