ஜும்ஆ பயான்: ஈமானை எடைபோடுவது யார்?

 

திருக்காமீசுவரர் கோயில் தேர் ஓடுகிற, லூர்து மாதா கோயில் இருக்கிற வில்லியனூரில்தான் நாமும் ஐவேளை பாங்கு சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "பாய், உங்க மார்க்கத்துல நம்பிக்கைன்னா என்ன?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? அல்லாஹ், மலக்குகள், வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், கத்ர் என்று ஆறையும் அடுக்குவோம். ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து கேட்டபோது பெருமானார் (ஸல்) அவர்கள் தந்த பதில் இதுதான். மக்தப் பிள்ளையும் ஒப்பித்துவிடும். "சரி பாய், அது உங்க மனசுக்குள்ள என்ன பண்ணுது?" என்று அடுத்துக் கேட்டால்தான் தடுமாறுவோம்.

பாகூர் பக்கம் நடவு முடித்துவிட்டு வானத்தைப் பார்க்கிற விவசாயிக்கு ஈமான் என்றால் தவக்குல். மகனை சவூதிக்கு அனுப்பிவிட்டு தஹஜ்ஜுதில் கையேந்துகிற தாய்க்கு அது துஆ. வெள்ளிக்கிழமை மட்டும் கடைசி ஸஃப்பில் வந்து நிற்கிறவருக்கு, வாப்பா விட்டுப்போன ஒரு கயிறு. அதையும் அவர் விடவில்லை, பாருங்கள்! ஆனால் முதல் ஸஃப்பில் இருப்பவர் திரும்பிப் பார்த்து, "இவனுக்கெல்லாம் ஈமான் எங்கே இருக்கு?" என்கிறார்.

ஸஹாபாக்களில் ஹன்ழலா (ரலி) அவர்கள் ஒருநாள் அபூபக்ர் (ரலி) அவர்களைச் சந்தித்து, தான் முனாஃபிக் ஆகிவிட்டதாகச் சொன்னார்கள். காரணம் என்ன? பெருமானாரின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி, பிள்ளை, நிலபுலன் என்று இறங்கினால் எல்லாம் மறந்துபோகிறது. அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டவில்லை. தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். நபிமார்களுக்கு அடுத்த ஈமான் உள்ளவர் சொல்கிற வார்த்தையா இது! இருவரும் பெருமானாரிடமே போனார்கள். என் சபையில் இருக்கும் நிலையிலேயே எப்போதும் இருந்தால் மலக்குகள் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் வந்து முஸாஃபஹா செய்வார்கள். ஆனால் நேரத்துக்கு நேரம் நிலை மாறும் என்று மூன்று முறை சொன்னார்கள். முஸ்லிம் ஷரீஃபில் வருகிற ஹதீஸ் இது.

இமாம்களின் பேச்சிலும் இதைப் பார்க்கலாம். ஈமான் கூடாது, குறையாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). கூடும், குறையும் என்றார்கள் இமாம் ஷாஃபிஈ (ரஹ்). அவர்கள் வேரைப் பார்த்தார்கள், இவர்கள் கிளையையும் சேர்த்துப் பார்த்தார்கள். நம் தமிழ் மண்ணில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஷாஃபிஈக்கள் அதிகம், உள்நாட்டில் ஹனஃபிகள் அதிகம். இந்த மஸ்அலாவுக்காக யாரும் சம்பந்தம் பேச மறுத்ததில்லை.

இன்னொரு விஷயம், வாலிபர்கள் கவனியுங்கள். ஒரு கல்லூரி மாணவர் சில மாதமாகத் தொழுகைக்கு வரவில்லை. விசாரித்தால், "ஹஜ்ரத், மனசுல வெளிய சொல்ல முடியாத கேள்வியெல்லாம் வருது. இந்த மனசோட எப்படி ஸஜ்தா செய்யறது?" என்றார். ஸஹாபாக்கள் சிலரும் இதே முறையீட்டோடு போயிருக்கிறார்கள். நாவால் சொல்லவே பயமாக இருக்கும் எண்ணங்கள் வருகின்றன என்றார்கள். அந்தப் பயம்தான் தெளிவான ஈமான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். திருடன் பூட்டியிருக்கிற வீட்டைத்தானே சுற்றி வருவான்? அந்தப் பிள்ளையிடம், "வீட்டில் இப்படிச் சொன்னாயா?" என்று கேட்டேன். "சொன்னா காஃபிர்னு சொல்லிடுவாங்க" என்றார். ஷைத்தான் விரட்டியது பாதி, நாம் விரட்டியது பாதி!

போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவனை, உயிருக்குப் பயந்து சொன்னான் என்று எண்ணி உஸாமா (ரலி) வெட்டிவிட்டார்கள். பெருமானார் பிரியமாக வளர்த்த பிள்ளை அவர். அவரிடமே, அவன் உள்ளத்தைப் பிளந்து பார்த்தாயா என்று கேட்டார்கள், திரும்பத் திரும்பக் கேட்டார்கள். இன்றுதான் இஸ்லாத்திற்கு வந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்குக் கேட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவோம். ஈமான் என்ற சொல்லின் மூலம் 'அம்ன்', அச்சமற்ற நிலை. அமானத்தும் அதே வேர்தான். யாரிடம் மக்கள் தங்கள் உயிரையும் பொருளையும் பயமில்லாமல் விடுகிறார்களோ அவரே முஃமின் என்பது ஹதீஸின் கருத்து. ஊருக்குப் போகும்போது அவர் வீட்டுச் சாவியை உங்களிடம் தந்துவிட்டுப் போகிறாரா?

கேள்வி உள்ள பிள்ளைகள் இஷாவுக்குப் பிறகு வாருங்கள், பள்ளியில்தான் இருப்பேன். பெற்றோர்களே, அவர்களைத் தனியாக அனுப்புங்கள். கூட வந்து உட்கார வேண்டாம்.