மலையிறங்கும் முன்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார், போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர். விடியுமுன் வண்டியை எடுக்கையில், பிரேக் மிதியை அழுத்தி இருபது எண்ணும் வரை காலை எடுக்கமாட்டார். "எதுக்குப்பா?" என்பேன். "கால் கீழே போனா வண்டி மேலே போகக்கூடாது" என்பார்.

இதன் பொருளை இயற்பியல் வகுப்பில்தான் உணர்ந்தேன். பாஸ்கல் விதிப்படி, மிதியின் அழுத்தத்தைத் திரவம் சக்கரங்களுக்குக் குறைவின்றிக் கடத்துகிறது. கசிவிருந்தால் மிதி மெல்ல அமிழும்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். போடி வரை இறக்கம் ஏறத்தாழ 1,000 மீட்டர். ஆட்களோடு 2 டன் எடையுள்ள ஜீப் இறங்குகையில் இழக்கும் நிலையாற்றல் சுமார் 2 கோடி ஜூல். 30 டிகிரி வெப்பத்திலுள்ள நீரில் 60 லிட்டருக்கு மேல் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! அவ்வளவையும் பிரேக்கே தாங்க நேர்ந்தால், ஈரம் ஏறிய பழைய பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகலாம். ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஆகவேதான் ஏறிய கியரிலேயே இறங்கு என்பர். சுமையில் ஒரு பகுதியை எஞ்சின் ஏற்கும்.

அப்பா பாஸ்கலை அறியார். ஆயினும் அவர் வண்டியில் ஏறும் தாய்மார்கள் மாலையில் பிள்ளைகளிடம் திரும்புகிறார்கள். சுற்றுலா புறப்படும் நண்பர்களே, அந்த இருபது எண்ணிக்கையை மறவாதீர்!