கோல்கீப்பருக்குத் தனிக் கணக்கு உண்டா?

"கோல்கீப்பரை மாற்றினால் அது கணக்கில் சேராது." கால்பந்து ரசிகர்கள் பலர் இன்றும் உறுதியாக நம்புவது இது. ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. 1994 உலகக் கோப்பையில் ஓர் அணி இரண்டு பேரை மாற்றலாம். அதுபோக கோல்கீப்பருக்கென்று தனியாக ஒரு மாற்றம். அடுத்த ஆண்டே அந்தச் சலுகை போய், யாராக இருந்தாலும் மூன்று பேர் என்று விதி மாறியது. முப்பது வருடமாகியும் நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

இப்போது பெரிய போட்டிகளில் ஐந்து பேரை மாற்றலாம். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் பெரும்பாலும் இன்னொருவரையும் இறக்கலாம். கோல்கீப்பரும் இந்தக் கணக்கில்தான் வருவார். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து பேரையும் மூன்று தடவைக்குள் மாற்றி முடிக்க வேண்டும். இடைவேளையில் செய்வது மட்டும் இதில் சேராது. மூன்று தடவையும் தீர்ந்த பிறகு கோல்கீப்பர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், பெஞ்சில் ஆள் இருந்தும், மாற்றம் மிச்சம் இருந்தும் இறக்க முடியாது. தலையில் அடிபட்டால் கூடுதலாக ஒரு மாற்றத்தைச் சில போட்டிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அது எல்லா ஆட்டக்காரர்களுக்கும் பொது.

"சிவப்பு அட்டை வாங்கியவர் கோல்கீப்பர் என்றால் இன்னொரு கோல்கீப்பர் வந்துவிடுவார், ஆள் குறையாது." பாதி சரி. இன்னொருவர் வரலாம், ஆனால் களத்தில் இருக்கும் ஒருவர் அவருக்காக வெளியேற வேண்டும். அணி பத்துப் பேரோடுதான் ஆடும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் பயிற்சியாளரின் தலைவலி. அதே 1994 உலகக் கோப்பையில் நார்வேக்கு எதிராக இத்தாலியின் பால்யூகா 21-வது நிமிடத்தில் வெளியேற்றப்பட்டார். உலகக் கோப்பையில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் கோல்கீப்பர் அவர்தான். மார்கெஜானியை இறக்குவதற்காகப் பயிற்சியாளர் சாக்கி வெளியே அழைத்தது ராபர்ட்டோ பாஜியோவை! முந்தைய ஆண்டின் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் அவர். இத்தாலி 1-0 என்று ஜெயித்ததால் சாக்கி தப்பித்தார். 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஆர்சனலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. லேமன் 18-வது நிமிடத்தில் வெளியேற, அல்மூனியாவுக்காக பிரெஸ் பலியானார். பார்சிலோனா 2-1 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

"மாற்று கோல்கீப்பர் இல்லையென்றால் ஆட்டம் நின்றுவிடும்." நிற்காது. களத்தில் உள்ள யார் வேண்டுமானாலும் கோல் காக்கலாம். ஆட்டம் நின்றிருக்கும் நேரத்தில், நடுவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, கோல்கீப்பருக்கான நிற ஜெர்சியை மாட்டிக்கொண்டால் போதும். இது மாற்றங்களின் கணக்கிலும் வராது. சொல்லாமல் இடம் மாறினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்த மாட்டார்; பந்து அடுத்து வெளியே போனதும் இருவருக்கும் மஞ்சள் அட்டை காட்டுவார். 2014 அக்டோபரில் டாட்டன்ஹாமின் லோரிஸ் கடைசி நிமிடங்களில் சிவப்பு அட்டை வாங்கினார். மாற்றங்கள் தீர்ந்திருந்தன. அன்று மூன்று கோல் அடித்திருந்த ஹாரி கேன் கையுறை மாட்டினார். வந்த ஃப்ரீ கிக்கைப் பிடிக்கத் தெரியாமல் கோலுக்குள் நழுவவிட்டார். 5-1 என்ற வெற்றியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பெனால்டி ஷூட்-அவுட் வந்தால் ஸ்பெஷலிஸ்ட் கோல்கீப்பரை இறக்கிக்கொள்ளலாம்." இந்த நம்பிக்கைக்குக் காரணம் நெதர்லாந்து பயிற்சியாளர் லூயி வான் கால். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக சிலெசனை எடுத்துவிட்டு டிம் க்ருலை இறக்கினார். க்ருல் இரண்டு பெனால்டிகளைத் தடுத்தார். ஆனால் அந்த மாற்றம் நடந்தது ஷூட்-அவுட்டில் அல்ல, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில். ஷூட்-அவுட் தொடங்கிய பிறகு, தொடர்ந்து ஆட முடியாத கோல்கீப்பருக்குப் பதிலாக மட்டுமே பெஞ்சிலிருந்து ஒருவரை இறக்கலாம், அதுவும் மாற்றம் மிச்சமிருந்தால். நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவுக்கு எதிரான அரையிறுதியும் பெனால்டிக்குப் போனது. வான் கால் மூன்று மாற்றங்களையும் முன்பே செலவழித்திருந்தார். க்ருல் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, சிலெசன் நின்றார். நெதர்லாந்து 4-2 என்று தோற்றது.

"பலகையில் எண் காட்டிவிட்டால் ஆட்டக்காரர் வெளியே வந்தே ஆக வேண்டும்." இல்லை. மாற்றப்பட வேண்டியவர் வர மறுத்தால் ஆட்டம் தொடரும் என்றுதான் விதி சொல்கிறது. 2019 இங்கிலாந்து லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் செல்சியின் கெப்பா அப்படித்தான் மறுத்தார். பயிற்சியாளர் சார்ரி ஓரத்தில் கொதித்தார். நடுவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செல்சி பெனால்டியில் தோற்றது, கெப்பாவுக்கு ஒரு வாரச் சம்பளம் அபராதமானது. 2021 ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் 119-வது நிமிடத்தில் மென்டியை எடுத்துவிட்டு செல்சி அதே கெப்பாவை இறக்கியது. மென்டி மறுக்காமல் வெளியே வந்தார். கெப்பா இரண்டு பெனால்டிகளைத் தடுத்து கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.