சிற்றிலும் சிறுவர் உள்ளமும்

வைகாசித் திருவிழாவில், ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் கருட வாகனத்தில் ஆழ்வார்திருநகரி வீதியில் எழுந்தருள்வதைக் கண்ட குழந்தை, மறுநாள் தலையணையைக் கருடனாக்கித் தோளில் சுமக்கும். ‘நான் யார், என்னால் என்ன இயலும்’ என்பதைச் சிறு குழந்தை இவ்வாறு பிறராக நடித்தே அறிகிறது. பொம்மைக்குச் சோறூட்டும் பாவனை ஏறத்தாழ ஒன்றரை வயதில் தோன்றும். மூன்று, நான்கு வயதில் குழந்தை தாயாக, ஆசிரியராக, பேருந்து நடத்துநராக மாறும்.

மருத்துவமனையில் இவ்விளையாட்டின் தேவை மிகுதி. எப்போது ஊசி, எப்போது உணவு என்பனவற்றை இங்கே பிறரே முடிவு செய்கின்றனர். நாளடைவில் குழந்தையின் பெயரைவிட நோயின் பெயரே அதிகம் பேசப்படுகிறது. அக்குழந்தை கரடிப் பொம்மைக்குக் கட்டுப் போட்டு, “கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று கூறும்போது, தனக்கு நேர்ந்ததைத் தன் கையாலேயே நிகழ்த்திப் பார்க்கிறது. சிறிது நேரமேனும் நோயாளி என்னும் நிலையிலிருந்து விடுபடுகிறது. சில வேளை பொம்மையை அடிக்கவும் கூடும். கடிந்துகொள்ளாதீர்கள், அச்சம் அவ்வாறும் வெளிப்படும்.

அருகிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் பாடியவர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் உண்டு. தாங்கள் மணலில் கட்டிய சிறுவீட்டைக் காலால் சிதைக்க வேண்டாம் எனச் சிறுமியர் அதில் வேண்டுவர். பெரியவர்களாகிய நாமும் அறியாமல் சிதைக்கிறோம். “வெறுங் கிண்ணத்தில் சோறு எங்கே?” என்கிறோம். “ஆம்பளைப் பிள்ளை சமைக்கலாமா?” என்று தடுக்கிறோம். ஆட்டத்தை நாமே நடத்தவும் முற்படுகிறோம்.

குழந்தை தரும் வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நோயாளியாகப் படுக்கச் சொன்னால் படுத்துக்கொண்டு, “டாக்டர், நான் என்ன செய்யணும்?” எனக் கேளுங்கள். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமான் இருந்தால் நன்று. ஒரு துண்டும் வெற்று அட்டைப்பெட்டியும்கூடப் போதும். உண்மையான ஊசி, மாத்திரை, மருந்துக் குப்பி ஆகியவற்றை ஒருபோதும் விளையாடத் தராதீர்கள். “அழுதால் டாக்டர் ஊசி போடுவார்” என்று அச்சுறுத்துவதும் வேண்டாம். அவ்வாறு அச்சுறுத்தப்பட்ட குழந்தை மருத்துவராக நடிக்கவே தயங்கும். களைத்திருக்கும் குழந்தையை வற்புறுத்தாமல், பொம்மையுடன் நீங்கள் பேசுங்கள், அது பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

இரண்டு வயது நிறைந்தும் பாவனை விளையாட்டே தோன்றாவிடில் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

ஆட்டத்தின் நடுவே செவிலியர் வந்தால், அவசரச் சிகிச்சை இல்லாத வேளையாயின், கரடிக்குக் கட்டுப் போட்டு முடிக்க இரண்டு நிமிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.